சந்தேகப்படுகிறவனுக்குப் புத்தரிடம் இடமுண்டா?

சென்ற மாதம் ஒரு நூற்பாலைத் தொழிலாளர் சங்கத்தின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கமிட்டித் தேர்தலுக்குப் பெயர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்பின்னிங் பகுதியில் இருபது வருஷமாக வேலை செய்யும் ஒரு தோழரின் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். உடனே வேறொரு தோழர் எழுந்து நின்றார். "அவர் இப்போது புத்த மதத்துக்காரர் ஆகிவிட்டார். பௌர்ணமி தோறும் மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிடுகிறார். மாரியம்மனை விட்டு புத்தரைப் பிடித்திருக்கிறார். சங்கிலிதான் மாறியிருக்கிறது, கட்டு அவிழவில்லை. இப்படிப்பட்டவர் தொழிலாளி வர்க்கத்துக்கு விஞ்ஞானப் பார்வையைக் கற்றுத் தருவாரா?" என்றார். கூட்டத்தில் பலத்த சிரிப்பு.

குற்றம் சாட்டப்பட்ட தோழர் கோபப்படவில்லை. "நான் கடவுளை நம்பவில்லை. ஆத்மாவையும் நம்பவில்லை. மறுபிறப்பு உண்டா என்று கேட்டால், எனக்கு அத்தாட்சி ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் பஞ்சசீலம் சொல்கிறேன். அதை விடப் போவதில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

சிரித்த தோழர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எதிர்த்துப் பேசியவர் நல்ல தோழர், தடியடி பட்டவர், அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய வாதத்தில் நிரம்பச் சந்தேகமிருக்கிறது.

ஒரு சாவு வீட்டின் கதை

முதலில் ஒரு விஷயம். அந்த ஸ்பின்னிங் தோழரின் தகப்பனார் இரண்டு வருஷத்துக்கு முன் காலமானார். கூலி விவசாயி. சேரியில் பிறந்து, ஊர்த்தெருவின் இழவுக்கெல்லாம் பறையடித்து, குழி வெட்டி, கையில் போடாமல் தரையில் எறிந்த காசைப் பொறுக்கியவர். மகன் சொன்னார்: "எங்கப்பனுக்குச் சடங்கு இல்லை. மந்திரம் இல்லை. கருமாதி விருந்துக்குக் கந்து வட்டி வாங்கப் போவதுமில்லை." வந்தவர்கள் நின்று திரிசரணமும் பஞ்சசீலமும் சொன்னார்கள். இறந்தவர் எப்படி உழைத்தார் என்று ஒருவர் பேசினார். அடக்கம் முடிந்தது. உறவினர் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஊர்த்தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. அன்று முதல் அந்த வீட்டார் யாருடைய இழவுக்கும் பறை தூக்கவில்லை.

தோழர்களே! நம் சங்கத்தில் எத்தனை பேர் வீட்டுச் சாவில் இந்தத் துணிச்சல் வந்திருக்கிறது? மேடையில் ஒரு மணி நேரம் மூட நம்பிக்கையைச் சாடிவிட்டு, வீட்டுக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டு திவசம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நானும் என் தாயாருக்கு, உறவினரின் வாய்க்குப் பயந்து, செய்தவன்தான். அந்தக் கடனை அடைக்க எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

எதை நம்பவில்லை, எதைச் செய்கிறார்?

பஞ்சசீலம் என்பது என்ன? கொல்லாமை, கொடாததை எடுக்காமை, தகாத காமத்தை விலக்குதல், பொய் பேசாமை, போதையை விலக்குதல். இந்த ஐந்தையும் கட்டளையிட மேலே ஒரு கடவுள் இல்லை. மீறினால் எண்ணெய்க் கொப்பரையில் போடப் புத்தர் வரப்போவதில்லை. பாலி மொழியில் இவற்றுக்கு 'சிக்காபதம்' என்று பெயர். பயிற்சிக்கான படி என்று பொருள். இந்தப் பயிற்சியை நான் மேற்கொள்கிறேன் என்று மனிதன் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான். அப்ரண்டிஸ் பையன் இழை அறுந்தால் ஒட்டப் பழகுகிற மாதிரி, தவறித் தவறிப் பழகுகிற காரியம் இது.

சம்பளம் போட்ட சனிக்கிழமை இரவு ஐந்தாவது சீலத்தின் அருமை எந்தத் தத்துவப் புஸ்தகமும் இல்லாமல் புரியும். சாராயக் கடை வாசலைத் தாண்டி, முழுச் சம்பளத்தோடு வீடு சேர்ந்த தொழிலாளியின் மனைவியைக் கேளுங்கள். இதற்கு மறுபிறப்பில் நம்பிக்கை எதற்கு?

கேசபுத்தத்தில் நடந்தது

சந்தேகப்படுகிறவனுக்கு மதத்தில் இடமில்லை என்பது பொதுவாகச் சரியான அபிப்பிராயம்தான். ஆனால் புத்தர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கோசல நாட்டில் கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர் என்னும் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் புத்தரிடம் ஒரு முறையீடு செய்தார்கள். எங்கள் ஊருக்குச் சாமியார் மேல் சாமியார் வருகிறார். ஒவ்வொருவரும் தம் சரக்கை உயர்த்தி மற்றவர் சரக்கைத் தாழ்த்துகிறார். யார் சொல்வது மெய் என்று எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றார்கள். புத்தர் அவர்களை அதட்டவில்லை. நீங்கள் சந்தேகப்படுவது நியாயமே என்றார். காதில் விழுந்தது என்பதற்காகவோ, வழிவழியாக வந்தது என்பதற்காகவோ, ஏட்டில் இருக்கிறது என்பதற்காகவோ, சொல்கிறவர் நம் குரு என்பதற்காகவோ எதையும் ஏற்க வேண்டாம்; பேராசையும் பகையும் மயக்கமும் மனிதனுக்கு நன்மை செய்கின்றனவா தீமை செய்கின்றனவா என்று நீங்களே பார்த்து, தீமை என்று கண்டால் விடுங்கள் என்றார்.

அந்தச் சூத்திரத்தின் கடைசிப் பகுதியைப் பலர் படிப்பதில்லை. நம் விவகாரத்துக்கு அதுதான் முக்கியம். பகையில்லாத மனத்தோடு வாழ்கிறவனுக்கு நான்கு ஆறுதல்கள் உண்டு என்கிறார் புத்தர். அதில் இரண்டு இவை: மறுவுலகமும் வினைப்பயனும் இருக்குமானால் அவனுக்கு அங்கே நல்ல கதி; இல்லாமற்போனாலும் இந்த வாழ்விலேயே அவன் துன்பமின்றி வாழ்கிறான். அதாவது, மறுவுலகம் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கில் நஷ்டமில்லை!

இன்னொரு கதை மாலுங்கியபுத்தன் என்ற பிக்குவைப் பற்றியது. உலகம் நிலையானதா அல்லவா, முடிவுள்ளதா அல்லவா, உடலும் உயிரும் ஒன்றா வேறா என்றெல்லாம் சொன்னால்தான் நான் துறவில் இருப்பேன் என்று அவன் பிடிவாதம் செய்தான். விஷ அம்பு தைத்தவன், எய்தவன் எந்த ஜாதி, உயரமா குட்டையா, வில் எந்த மரம் என்று தெரிந்த பிறகே அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால், தெரிவதற்குள் செத்துப்போவான் என்று புத்தர் பதில் சொன்னார். பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டவனுக்கு முதலில் மிஷினை நிறுத்த வேண்டும். மோட்டாரைச் செய்த கம்பெனியின் சரித்திரத்தைப் பிறகு விசாரிக்கலாம்.

ஒரு ஆட்சேபம் வரும். பௌத்தத்தில் சந்தேகம் என்பது மனத்தின் ஐந்து தடைகளில் ஒன்றாயிற்றே, அதைக் களையச் சொல்கிறார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் சந்தேகத்தில் இரண்டு வகை உண்டு. வேலை நிறுத்தம் பற்றிப் பேசும்போது, "நிதி எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்கிற தோழர் ஒருவர். எல்லாம் தீர்மானமான பிறகும் ஒரு காலைச் சங்கத்திலும் ஒரு காலை மானேஜர் அறையிலும் வைத்துக்கொண்டு தத்தளிப்பவர் இன்னொருவர். முதல்வர் விசாரிக்கிறார், அவர் இல்லாமல் சங்கம் உருப்படாது. தடை என்று சொல்லப்படுவது இரண்டாமவரின் தத்தளிப்பு.

மறைக்கக் கூடாத சங்கதி

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் ஒரு வியாபாரி ஆவேன். துணியின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டியவன் ஆவேன். பௌத்த நூல்களில் மறுபிறப்பு உண்டு, நரகம் உண்டு, தேவர்கள் உண்டு. ஓர் ஓரத்தில் அல்ல, பக்கம் பக்கமாக உண்டு. கேசபுத்தத்துக் கதை ஒன்றை மட்டும் காட்டி, புத்தர் நம்மைப் போன்ற பகுத்தறிவுவாதி என்று சொல்லிவிடுவது பித்தலாட்டம்.

கர்மம் என்ற சொல் ஏழையின் முதுகில் எத்தனை அடி அடித்திருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? "போன ஜன்மத்தில் செய்த பாவம், இந்த ஜன்மத்தில் பண்ணையாளாகப் பிறந்தாய்" என்று சொல்லித்தானே தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்தார்கள்! அதே சரக்கைப் புத்தர் பெயரில் விற்றாலும் நாம் வாங்க முடியாது.

அதை முதலில் வாங்க மறுத்தவர்கள் பௌத்தத்துக்கு வெளியே இருந்தவர்கள் அல்ல, உள்ளே வந்தவர்கள்தான். டாக்டர் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ல் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தத்தைத் தழுவினார். அன்று எடுத்த உறுதிமொழிகள் 22. பிரம்மா, விஷ்ணு முதலான தெய்வங்களை நம்ப மாட்டேன் என்பது அதில் உண்டு. புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை ஏற்க மாட்டேன், சிரார்த்தம் செய்ய மாட்டேன் என்பவையும் உண்டு. அவர் காலமானபின் 1957ல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையிலேயே பல சந்தேகங்களை எழுப்புகிறார். 29 வயது வரை ஒரு மனிதன் கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் பார்க்காமலா இருந்தான்? ஆத்மா இல்லை என்றால் மறுபிறப்பு யாருக்கு? ஏழையின் ஏழ்மைக்கு முற்பிறவிப் பாவம் காரணம் என்ற கொள்கை புத்தருடையதாக இருக்க முடியாது என்று அவர் வாதாடினார். பழைய பௌத்த மடங்களில் பலருக்கு இது கசந்தது. கசக்கட்டும்! ஆற்றைக் கடக்கத்தான் தெப்பம். கடந்தபின் தலையில் சுமந்து திரிய அல்ல என்ற உவமையைத் தம் போதனைக்கே சொன்னவர் புத்தர். தெப்பத்தில் உளுத்த கட்டையைக் கழற்றிப் போடுகிறவன் அவருக்குத் துரோகம் செய்தவன் ஆக மாட்டான்.

இப்படிச் சந்தேகப்பட்டு உள்ளே போனவர்கள் ஒன்றும் லாபத்துக்குப் போகவில்லை. பௌத்தரான தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மத்திய சர்க்காரின் அட்டவணையில் இடம் கிடைத்தது 1990ல். இடையில் 34 ஆண்டுகள்.

நம் ஊரிலேயே நடந்த வாதம்

இது நாகபுரியில் தொடங்கிய சங்கதியும் அல்ல. அயோத்திதாசர் 1898ல் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் மத்தியில் அந்தச் சங்கம் வேர் பிடித்தது. அதே 1907ல், சென்னையில் விஞ்ஞானம் கற்பித்த பேராசிரியர் லட்சுமி நரசு, பௌத்தத்தின் சாரத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு நூல் வெளியிட்டார். அறிவுக்குப் பொருந்துவதை நிறுத்திப் பொருந்தாததைத் தள்ளும் நூல் அது. 1948ல் அம்பேத்கரே முகவுரை எழுதி அதை மறுபதிப்புச் செய்வித்தார்.

லட்சுமி நரசுவின் தோழர் யார் தெரியுமா? சிங்காரவேலர்! 1923 மே 1ந் தேதி சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினாரே, 1925ல் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகித்தாரே, அவர்தான். அவர் அதற்கு முன் பல ஆண்டுகள் தம் வீட்டிலேயே பௌத்த சங்கக் கூட்டங்கள் நடத்தியவர். டார்வினையும் புத்தரையும் ஒருசேரப் படித்தவர். அயோத்திதாசரோடு எல்லாவற்றிலும் அவர் ஒத்துப்போகவில்லை, வாதாடினார்கள். வடக்கே ராகுல சாங்கிருத்தியாயன் காவியுடுத்து பிக்குவாகி, திபெத்துக்கு நடந்து ஏடுகள் கொண்டுவந்து, பின் செங்கொடிக்கு வந்தார். அவருடைய 'வால்காவிலிருந்து கங்கை வரை' படிக்காத தோழர் நம்மில் எத்தனை பேர்? சிங்காரவேலர் இன்று உயிரோடு வந்து நம் சங்கத் தேர்தலில் நின்றால், அவர் பெயரையும் அடித்துவிடுவோமா?

பழந்தமிழிலும் இந்த வழி உண்டு. மணிமேகலை ஒரு சமயத்துக்கும் சட்டென்று தலையாட்டவில்லை. வைதிகரிலிருந்து பூதவாதி வரை வாதிகள் எல்லோரையும் கேட்டபிறகே தன் முடிவுக்கு வருகிறாள். அவள் கையில் இருந்ததோ பசித்தவனுக்குச் சோறு போடும் பாத்திரம்.

முதலாளிக்குச் சொன்னதும், தொழிலாளிக்குச் சொன்னதும்

இனி பௌத்தத் தோழருக்கும் சில வார்த்தை. சந்தேகம் பாதி வழியில் நிற்கக் கூடாது.

சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்ன சூத்திரத்தில், எஜமானன் வேலையாளுக்குச் செய்ய வேண்டியவை ஐந்து என்று புத்தர் பட்டியலிடுகிறார். சக்திக்கு ஏற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, விசேஷ உணவில் பங்கு, உரிய காலத்தில் ஓய்வு. 2,400 வருஷத்துக்கு முந்திய கோரிக்கைச் சாசனம் போலிருக்கிறதல்லவா! ஆனால் அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும். வேலையாள் எஜமானனுக்கு முன் எழுந்து, பின் படுத்து, கொடுத்ததை மட்டும் பெற்று, அவன் புகழைப் பரப்ப வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. முதலாளி எந்தப் பட்டியலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவான் என்று சொல்லத் தேவையில்லை.

வறியவனுக்குப் பொருள் கிட்டாததால் வறுமை பெருகிற்று, வறுமையால் திருட்டு பெருகிற்று, திருட்டால் ஆயுதமும் கொலையும் பெருகின என்று காரண காரியத்தோடு விளக்கும் சூத்திரமும் உண்டு. எந்தப் போலீஸ் மந்திரியையும்விட மேலான விளக்கம். அதே சங்கத்தில், கடன்பட்டவனுக்கும் அடிமைக்கும் அரசனின் படைவீரனுக்கும் துறவு கொடுக்கக் கூடாது என்ற விதியும் வந்தது. கடன் கொடுத்தவனும் அடிமையின் எஜமானனும் அரசனும் கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம்? புத்தரைப் பெரியவர் என்று மதிப்போம். அதற்காக அவர் காலத்தின் எல்லையை மறைக்க வேண்டியதில்லை.

ரோகிணி ஆற்றுத் தண்ணீர்க் கதை விவசாயத் தோழர்களுக்குப் பிடிக்கும். சாக்கியரும் கோலியரும் வறட்சியில் தண்ணீருக்காகச் சண்டைக்கு வந்து நின்றார்கள். எதற்குச் சண்டை என்று புத்தர் அரசர்களைக் கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டு, கடைசியில் வயலில் வேலை செய்த அடிமைகளையும் கூலிகளையும் கேட்டபோதுதான் 'தண்ணீர்' என்ற பதில் வந்தது. தண்ணீரின் விலை பெரிதா, சிந்தப்போகும் ரத்தத்தின் விலை பெரிதா என்று கேட்டு அவர் சண்டையை நிறுத்தினார். கதை புராணமாக இருக்கலாம், உண்மை புராணமல்ல. அரசர்களுக்குக் காரணம் தெரியாது. மடையில் நிற்கிறவனுக்குத் தெரியும்.

இரண்டு போலிகள்

இன்று புத்தர் பெயரில் இரண்டு போலிச் சரக்குகள் உலாவுகின்றன. ஒன்று, கம்பெனித் தியானம். 1979ல் அமெரிக்காவில் நோயாளிகளின் வலி தணிக்க ஓர் ஆஸ்பத்திரிப் பயிற்சியாகத் தொடங்கிய காரியம் அது. வலி தணிந்தால் நல்லதே. நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் இன்று முதலாளிகள் அதை வாங்கி, ஆளைக் குறைத்து வேலையை ஏற்றியபின், "மூச்சைக் கவனி, மனத்தை அடக்கு" என்று தொழிலாளியிடம் கொடுக்கிறார்கள். பஞ்சுத் தூசி நிறைந்த ஷெட்டில் மூச்சைக் கவனித்தால் என்ன தெரியும்? மூச்சு முட்டுகிறது என்று தெரியும்! அது தெரிந்தபின் செய்ய வேண்டியது கண்ணை மூடுவதல்ல. தூசி உறிஞ்சும் யந்திரம் கேட்டு மனுக் கொடுப்பது.

இரண்டாவது, துப்பாக்கிக்கு ஆசி கூறும் காவி. இலங்கையில் 1959ல் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்டவர் ஒரு பிக்கு. 1972ன் அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தது. அதன் பெயரால் தமிழனுக்கு விரோதமாகப் பேசிய காவிகளை நாம் மறக்கவில்லை. 2017ல் பர்மாவிலிருந்து ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் விரட்டப்பட்டபோதும் அந்த வெறிக்கு எண்ணெய் ஊற்றிய பிக்குகள் இருந்தார்கள். முதல் சீலமே கொல்லாமை! இவர்களைக் கண்டிக்க நாஸ்திகன் வேண்டியதில்லை, பௌத்தனே போதும். பௌத்தன் கண்டிக்காவிட்டால் அவன் சொல்லும் சீலம் வெறும் முணுமுணுப்பு.

நம் கண்ணில் உள்ள தூசி

கடைசியாக, கூட்டத்தில் சிரித்தவர்களிடம் ஒரு கேள்வி.

ஆயுத பூஜையன்று மில்லில் மிஷினுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூசணிக்காய் உடைத்து, முதலாளி கையால் பொரிகடலை வாங்கும்போது நம்மில் யார் எழுந்து ஆட்சேபித்தோம்? கார்த்திகையில் மாலை போட்டு வரும் தோழரை "சாமி" என்று அழைத்து ஷிப்ட் மாற்றிக் கொடுக்கிறோமே, அவர் விஞ்ஞானப் பார்வைக்குப் பொருந்துவாரா என்று யாராவது கேட்டோமா? அவர் கமிட்டியில் இருக்கிறார். இருக்கட்டும், நல்ல ஊழியர். வேலை நிறுத்தம் நடக்கும் ஆலையில் தொழிலாளரை ஆஸ்திகர், நாஸ்திகர் என்று பிரிப்பது பாதிரிக்கும் முதலாளிக்கும் செய்கிற உதவி என்று லெனின் 1909லேயே எச்சரித்தார். அப்படியானால் சேரியிலிருந்து வந்த தோழர் புத்தர் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றினால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது? இந்தச் சிரிப்பு விஞ்ஞானத்திலிருந்து வருகிறதா, ஊர்த்தெருவிலிருந்து வருகிறதா? ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

சங்கிலி மாறியது, கட்டு அவிழவில்லை என்றார் அந்தத் தோழர். நான் கணக்குப் பார்த்தேன். கடவுள் பயம் போயிற்று. சடங்குக் கடன் போயிற்று. பறை தூக்கும் கட்டாயம் போயிற்று. குடி போயிற்று. தலை நிமிர்ந்தது. இத்தனை கட்டு அவிழ்ந்திருக்கிறது. மீதி இருப்பது கூலி அடிமைத்தனம் என்ற கட்டு. அதைப் பஞ்சசீலம் அவிழ்க்காது. தனியாக உட்கார்ந்து செய்யும் எந்தத் தியானமும் அவிழ்க்காது. அது சங்கத்தின் வேலை. அந்த வேலைக்குத்தான் அவர் கமிட்டிக்கு வருகிறேன் என்கிறார்.

மறுபிறப்பு உண்டா இல்லையா என்பதை நமது அடுத்த கூட்டம் தீர்மானிக்க வேண்டியதில்லை. பஞ்சப்படி பாக்கியும் இரவு ஷிப்டில் கான்டீன் திறப்பதும் அஜெண்டாவில் இருக்கின்றன. தோழரின் பெயர் பட்டியலில் இருக்கட்டும். கையை உயர்த்துங்கள்!